கருப்பு கோட்டு கழற்றினாலும் வக்கீல்தானா? கோர்ட்டுக்கு வெளியே தப்பு செய்தால் பார் கவுன்சில் என்ன செய்யும்?

வரப்புத் தகராறு, பட்டா பிரச்சினை, கைமாத்துக் கடன், குடும்பச் சண்டை. இதில் எதிர்த்தரப்பில் நிற்பவர் ஒரு வக்கீலாக இருந்தால் ஊரில் முதலில் கேட்கும் வார்த்தை இதுதான்: "அவரு வக்கீலுப்பா, அவர் மேல கேஸ் நிக்காது."

இன்னொரு பக்கம், வக்கீல்களும் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "கோர்ட்டில் நான் வாதாடுவதில் தப்பு இருந்தால் கேளுங்க. வீட்டில், தெருவில், என் சொந்த நிலத்தில் நடப்பதற்கும் என் தொழிலுக்கும் என்ன சம்பந்தம்?"

இரண்டுக்குமே சட்டத்தில் பதில் இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்பும் நினைப்பது போல அது அவ்வளவு எளிதான பதில் இல்லை.

சுருக்கமாகத் தெரிஞ்சுக்கணும்னா:

• கோர்ட்டுக்கு வெளியே நடந்த செயலுக்காகவும் வக்கீல் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

• அதற்காக எல்லா தனிப்பட்ட சண்டையும் அதில் அடங்காது.

• பதிவு ரத்து, சஸ்பெண்ட் போன்ற நடவடிக்கைகளை எடுப்பது பார் கவுன்சில். போலீசோ, உள்ளூர் வழக்கறிஞர் சங்கமோ இல்லை.

• தமிழிலேயே புகார் எழுதலாம்.

உத்திரமேரூர் கல்வெட்டு சொன்ன விஷயம்

பொது வேலையில் இருப்பவரின் சொந்த நடத்தையைப் பார்க்கலாமா என்ற கேள்வி புதுசு இல்லை. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளே இதைப் பேசுகின்றன. ஆண்டு 919, 921. அதாவது 1,100 வருஷத்துக்கு முன்பு.

குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருப்போம். 30 குடும்புகள், ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பது. பலருக்கு அதோடு ஞாபகம் முடிந்துவிடும். அந்தக் கல்வெட்டில் யாருடைய பெயரைக் குடத்தில் போடவே கூடாது என்ற பட்டியலும் இருக்கிறது.

ஏற்கனவே வாரியத்தில் இருந்து கணக்கு காட்டாதவர், பிறர் பொருளை அபகரித்தவர், பஞ்சமாபாதகம் செய்தவர், ஊருக்குத் தொல்லையாக இருப்பவர் என்று அந்தப் பட்டியல் போகிறது. இதில் கணக்கு காட்டாதது மட்டும்தான் பதவியில் இருந்தபோது செய்த தப்பு. மற்றவை எல்லாம் பதவிக்கு வெளியே செய்தவை.

அது எல்லாருக்கும் சமமான முறை இல்லை என்பதையும் சொல்லணும். அது பிராமண ஊர்ச்சபையின் விதி. நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவருக்கு அங்கே இடமே கிடையாது. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு. ஊர் நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்தால், அந்த ஆளின் வெளி நடத்தையையும் ஊர் கேட்கும் என்ற எண்ணம் அன்றே இருந்தது.

இன்றைய சட்டத்தில் அதே எண்ணம் வேறு வடிவத்தில் வக்கீல்கள் மேல் நிற்கிறது.

சட்டத்தில் இரண்டே வார்த்தை: 'அல்லது பிற'

இந்தியாவில் வக்கீல்களைக் கட்டுப்படுத்துவது 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம். அதன் 35-வது பிரிவுதான் ஒழுங்கு நடவடிக்கைக்கு அடிப்படை. தன் பட்டியலில் இருக்கும் ஒரு வழக்கறிஞர் 'தொழில் சார்ந்த அல்லது பிற ஒழுங்கீனம்' செய்திருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், மாநில பார் கவுன்சில் அதை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

தொழில் சார்ந்த ஒழுங்கீனம் எதுன்னு நமக்குத் தெரியும். கட்சிக்காரர் பணத்தைக் கையாடல் செய்வது, எதிர்த்தரப்பிடம் விலை போவது, ஆவணத்தைத் திருத்துவது.

'அல்லது பிற' என்ற இரண்டு வார்த்தைதான் கோர்ட் வாசலைத் தாண்டி வருகிறது. இது 1961-ல் புதுசா சேர்த்ததும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து 1926-ம் ஆண்டு பார் கவுன்சில் சட்டத்திலேயே இருந்தது.

'பிற ஒழுங்கீனம்' என்றால் என்னென்ன என்று சட்டம் பட்டியல் போடவில்லை. வேண்டுமென்றே அகலமாக விட்டிருக்கிறார்கள். இதனால் ஒரு நன்மையும் உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. இரண்டையும் கீழே பார்ப்போம்.

விதிகள் என்ன சொல்லுது?

இந்திய பார் கவுன்சில் வகுத்த நடத்தை விதிகளின் முகவுரை ஒரு வரியில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. வக்கீல் எல்லா நேரமும் நீதிமன்ற அலுவலருக்குரிய மரியாதையோடு நடந்துகொள்ள வேண்டும். சாதாரண ஆளுக்குச் சட்டப்படி சரியான ஒரு செயல்கூட வக்கீலுக்குத் தகாததாக இருக்கலாம் என்பது அதன் சாரம்.

அதே விதிகளில் கோர்ட்டுக்கு வெளியே பொருந்தும் சில நேரடிக் கட்டுப்பாடுகளும் உண்டு.

சொந்த வியாபாரம்: வக்கீல் நேரடியாக வியாபாரம் நடத்தக் கூடாது. தொழிலின் மரியாதைக்குக் குறைவில்லாத வியாபாரத்தில் முதலீடு மட்டும் செய்து, வேலை செய்யாத பங்குதாரராக இருக்கலாம். பரம்பரையாக வந்த குடும்ப வியாபாரம் தொடரலாம், ஆனால் நிர்வாகத்தில் அவர் இறங்கக் கூடாது. அப்படின்னா, காலையில் கோர்ட், மாலையில் பிளாட் விற்பனை என்று தானே ரியல் எஸ்டேட் தொழில் நடத்துவது விதிமீறல்.

முழுநேரச் சம்பள வேலை: வக்கீலாகத் தொழில் செய்துகொண்டே இன்னொரு இடத்தில் முழுநேரச் சம்பளத்துக்கு இருக்கக் கூடாது. டாக்டராகவும் வக்கீலாகவும் ஒரே நேரத்தில் தொழில் செய்ய முடியாது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதேசமயம் பகுதிநேரமாகச் சட்டம் சொல்லித்தருவது, சட்டப் புத்தகம் தொகுப்பது போன்றவற்றுக்குத் தடை இல்லை.

அங்கி, கழுத்துப் பட்டை: கோர்ட்டுக்கு வெளியே பொது இடங்களில் அங்கியும் கழுத்துப் பட்டையும் அணியக் கூடாது. அனுமதிக்கப்பட்ட விழாக்கள் மட்டும் விதிவிலக்கு. அந்த உடை கோர்ட்டுக்காக. ஊரில் நடக்கும் தகராறில் பயம் காட்டுவதற்கு இல்லை.

எல்லா அடிதடியும் இதில் வருமா?

வராது. இதற்கு நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் இருந்தே உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு. சட்டப் புத்தகங்களில் 'நோரத்தன்மல் வழக்கு' என்று வரும். தீர்ப்பு 2004.

பிரச்சினை ஒரு வாடகைத் தகராறு. அந்த வழக்கில் வாடகைதாரர் தரப்பில் இருந்தவர் வக்கீல். ஆனால் அவர் அங்கே யாருக்காகவும் வாதாட வரவில்லை. தன் சொந்த வழக்குக்காக, ஒரு கட்சிக்காரராக வந்திருந்தார். வழக்கு தள்ளிவைக்கப்பட்ட நாளில் எதிர்த்தரப்பு ஆளை அடித்து, வழக்கைத் தொடரக் கூடாது என்று மிரட்டினார் என்பது அவர் மேல் வந்த புகார்.

பார் கவுன்சில் நடவடிக்கை எடுக்க மறுத்தது. உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அவர் வக்கீலாக அந்த இடத்தில் இல்லை, கட்சிக்காரராகத்தான் இருந்தார் என்பது முக்கியமான காரணமாகப் பார்க்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டு "அப்போ வக்கீல் அடிச்சா கேட்க ஆளே இல்லையா?" என்று நினைக்க வேண்டாம். அடித்தால் போலீஸ் வழக்கு உண்டு, குற்றவியல் நீதிமன்றம் உண்டு. எல்லாருக்கும் பொருந்தும் சட்டம் வக்கீலுக்கும் அப்படியே பொருந்தும். தொழில் செய்யும் உரிமையைப் பறிப்பதா வேண்டாமா என்பது மட்டும் தனிக் கேள்வி.

அப்போ எந்த அளவுக்குப் போனால் பெயர் நீக்கம்?

இதற்கு எதிர்முனையில் நிற்பது உத்தரப் பிரதேசம் பதாயூன் வக்கீல் ஒருவரின் வழக்கு. 1971-ல் நீதிமன்ற அறைக்குள்ளேயே தன் எதிராளியைக் கத்தியால் தாக்கினார். கொலை முயற்சிக் குற்றத்தில் அவருக்கு 3 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதற்குப் பிறகு, தண்டனையை நிறுத்திவைப்பதாக ஆளுநர் பெயரில் ஒரு போலிக் கடிதமும் வந்தது.

மாநில பார் கவுன்சில் அவருக்கு 3 ஆண்டு தடை போட்டது. இந்திய பார் கவுன்சில் அதை ரத்து செய்தது. புகார்தாரர் விடவில்லை, உச்ச நீதிமன்றம் போனார். 1997 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது: இப்படிப்பட்டவர் இந்தத் தொழிலுக்குத் தகுதியானவர் இல்லை. அவர் பெயரையே வழக்கறிஞர் பட்டியலில் இருந்து நீக்க உத்தரவிட்டது.

கத்தியால் குத்தியது வக்கீல் தொழிலின் பகுதி இல்லை. ஆனாலும் பெயர் போனது. வாடகை வழக்கில் போகவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பார்க்கப்படுவது என்னன்னு புரியும். செயல் எங்கே நடந்தது என்பதைவிட, அந்தச் செயலைச் செய்தவரை இனி மக்கள் நம்பித் தங்கள் வழக்கைக் கொடுக்கலாமா என்பதுதான் முக்கியம்.

கோர்ட்டில் தண்டனை வந்துவிட்டால்?

வழக்கறிஞர்கள் சட்டம் 24-ஏ பிரிவு இதைப் பேசுகிறது. ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவர், தீண்டாமைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் ஆகியோர் வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. விடுதலையாகி 2 ஆண்டு கழிந்த பிறகு இந்தத் தடை விலகும்.

இதில் நீண்ட நாளாக ஒரு ஓட்டை இருந்தது. புதுசா வருபவருக்குத்தானே தடை, ஏற்கனவே வக்கீலாக இருப்பவர் தண்டனை பெற்றால்? 2016 ஜூலையில், ஒரு நீதிபதியை மிரட்டிய உத்தரப் பிரதேச வக்கீலின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. உள்ளே வரத் தடையாக இருக்கும் தண்டனை, உள்ளே இருப்பவருக்கும் தடைதான்.

கைது ஆனாலே தடை வருமா?

எஃப்.ஐ.ஆர். பதிவானதாலேயே பதிவு ரத்து ஆகாது. குற்றச்சாட்டு வேறு, குற்றம் வேறு. ஆனால் பெரிய வழக்குகளில் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில், விசாரணை முடியும் வரை தொழில் செய்யத் தடை விதிப்பது நடக்கிறது.

அண்மைய உதாரணம், 2024 ஜூலையில் சென்னை பெரம்பூரில் நடந்த ஆம்ஸ்ட்ராங் கொலை வழக்கு. பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவராக இருந்த ஆம்ஸ்ட்ராங்கும் ஒரு வழக்கறிஞர்தான். அந்த வழக்கில் கைதானவர்களில் சில வழக்கறிஞர்களும் இருந்தார்கள். அவர்கள் தொழில் செய்ய பார் கவுன்சில் தடை விதித்தது. அது இறுதித் தண்டனை இல்லை, இடைக்கால நடவடிக்கை.

'பிற' என்ற வார்த்தையின் மறுபக்கம்: வ.உ.சி.

இதுவரை படித்தால் இந்த அதிகாரம் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது என்று தோன்றலாம். ஆனால் தமிழ்நாட்டில் கோர்ட்டுக்கு வெளியே செய்த 'குற்றத்துக்காக' தொழிலை இழந்த வக்கீல்களில் நமக்கு ரொம்பத் தெரிந்த பெயர் வ.உ. சிதம்பரம் பிள்ளை.

வ.உ.சி. தூத்துக்குடியில் தொழில் செய்த வக்கீல். அவர் எந்தக் கட்சிக்காரரையும் ஏமாற்றவில்லை. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார், கூட்டங்களில் பேசினார், ஆலைத் தொழிலாளர் பக்கம் நின்றார். 1908-ல் ராஜதுரோக வழக்கு. அந்த ஆண்டு ஜூலை 7-ம் தேதி திருநெல்வேலி அமர்வு நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

ஆனால் வக்கீல் சன்னது போய்விட்டது. சன்னது என்றால் தொழில் செய்வதற்கான உரிமம், இன்று நாம் சொல்லும் லைசென்ஸ். கப்பலும் போய், தொழிலும் போய், சென்னையில் சின்னச் சின்ன வியாபாரம் செய்து குடும்பத்தை ஓட்ட வேண்டியிருந்தது. பல ஆண்டு கழித்து வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால்தான் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி.

காந்திக்கும் இதே கதைதான். லண்டன் இன்னர் டெம்பிளில் படித்து 1891-ல் பாரிஸ்டர் ஆனவர். 1922 மார்ச்சில் ராஜதுரோக வழக்கில் 6 ஆண்டுச் சிறை. அதைக் காரணம் காட்டி அதே ஆண்டு நவம்பரில் இன்னர் டெம்பிள் அவர் பெயரை நீக்கியது. திரும்பச் சேர்த்தது 1988-ல். அப்போது காந்தி இறந்து 40 வருஷம் ஆகியிருந்தது.

ஆக, 'வெளியே செய்த தப்பு' என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது ரொம்ப முக்கியம். கத்திக்குத்தையும் அதில் சேர்க்கலாம், கப்பல் விட்டதையும் சேர்க்கலாம். அதிகாரம் ஆட்சியில் இருப்பவர் கையில் இருந்தால் இரண்டாவது நடக்கும்.

அதனால்தான் பார் கவுன்சில் கையில்

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1961 சட்டம், ஒழுங்கு நடவடிக்கையை வக்கீல்களே தேர்ந்தெடுக்கும் அமைப்பிடம் கொடுத்தது. அரசிடம் கொடுக்கவில்லை.

இதை வைத்துத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய மோதலே நடந்தது. 2016 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் புதிய விதிகள் கொண்டுவந்தது. நீதிபதியை மிரட்டுவது, நீதிபதி பெயரைச் சொல்லிப் பணம் வாங்குவது, மது அருந்திவிட்டு கோர்ட்டுக்கு வருவது, நீதிமன்ற வளாகத்தில் ஊர்வலம் போவது போன்றவற்றுக்காக ஒரு வக்கீலை நீதிமன்றமே தொழில் செய்யத் தடுக்கலாம் என்றன அந்த விதிகள்.

தமிழ்நாடு முழுக்க வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பில் இறங்கினார்கள். ஜூலை 25-ம் தேதி உயர் நீதிமன்றத்தையே முற்றுகையிட்டார்கள். கடைசியில் விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. 2019 ஜனவரி 28-ம் தேதி, முத்துகிருஷ்ணன் வழக்கில், அந்த விதிகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஒழுங்கு நடவடிக்கை அதிகாரம் பார் கவுன்சிலுக்கே என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இதில் மக்களுக்கு வரும் சந்தேகம் நியாயமானது: "வக்கீல் தப்பை வக்கீலே விசாரிச்சா எப்படி?" அதற்காகத்தான் மேல்முறையீடு கடைசியில் உச்ச நீதிமன்றத்தில் முடிகிறது. பதாயூன் வழக்கில் நடந்ததும் அதுதான்.

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்தில் 2020-ல் ஒரு தீர்ப்பு வந்தது. லண்டனில் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றின் பங்குதாரர், தன் நிறுவனத்தில் வேலை பார்த்த இளநிலை வக்கீலோடு, இருவரும் குடித்திருந்த நிலையில் உறவு வைத்தார் என்ற புகார். ஒழுங்கு நடவடிக்கை மன்றம் 35,000 பவுண்டு அபராதமும், செலவுத் தொகையாக 2 லட்சம் பவுண்டும் விதித்தது.

உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிமன்றம் சொன்ன அளவுகோல் இது: தனிப்பட்ட வாழ்க்கையில் நடந்தது, அவர் தொழில் செய்யும் விதத்தையோ தொழிலின் மதிப்பையோ நிஜமாகவே பாதிக்க வேண்டும். தனிப்பட்ட வாழ்க்கையில் நடந்தது பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் தண்டிக்க முடியாது.

நம்ம ஊர் தீர்ப்புகளும் கிட்டத்தட்ட இதே திசையில்தான் போகின்றன. வார்த்தைதான் வேறு.

உத்திரமேரூரில் இருந்து புகார் கொடுப்பது எப்படி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உள்ளூர் கோர்ட்டில் இருக்கும் வழக்கறிஞர் சங்கம் வேறு, பார் கவுன்சில் வேறு. சங்கம் என்பது உறுப்பினர்களின் அமைப்பு. அது பேசிப் பார்க்கலாம், கண்டிக்கலாம், சங்கத்தில் இருந்து நீக்கலாம். லைசென்ஸை எதுவும் செய்ய முடியாது. அந்த அதிகாரம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்குத்தான்.

1. மனு எழுதுங்க. தமிழில் எழுதலாம், விதியிலேயே மாநில மொழிக்கு இடம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு, சொன்னது உண்மை என்ற உறுதிமொழியும் சேர்க்கணும். நிர்ணயித்த கட்டணம் கட்டணும்.

2. வக்கீல் யார் என்று தெளிவாகக் குறிப்பிடுங்க. பெயர், முகவரி, முடிந்தால் பதிவு எண்ணும் ஆண்டும். வக்காலத்தில், லெட்டர் பேடில் பதிவு எண் இருக்க வாய்ப்பு உண்டு.

3. என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த இடம், யார் பார்த்தார்கள் என்று வரிசையாக எழுதுங்க. திட்டி எழுதுவதால் மனுவுக்கு வலு கூடாது, தேதியும் ஆதாரமும்தான் வலு.

4. போலீசில் புகார் கொடுத்திருந்தால் சி.எஸ்.ஆர். ரசீது, எஃப்.ஐ.ஆர். நகல், குற்றப்பத்திரிகை, தீர்ப்பு நகல் எது இருக்கோ இணைங்க. வீடியோ, போன் பதிவு, பத்திர நகல், பணம் கொடுத்த வங்கிக் கணக்கு விவரமும் உதவும்.

5. எல்லாவற்றிலும் ஒரு நகல் உங்க கையில் இருக்கட்டும். பதிவுத் தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரமா வைங்க.

புகார் இல்லாமல், தானாக முன்வந்தும் பார் கவுன்சில் நடவடிக்கை எடுக்கலாம். சட்டம் அதற்கும் இடம் கொடுக்கிறது.

அடுத்து என்ன நடக்கும்?

புகாரில் அடிப்படை இருக்கிறதா என்று பார் கவுன்சில் பார்க்கும். இருந்தால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். குழுவில் 3 பேர். இருவர் பார் கவுன்சில் உறுப்பினர்கள், ஒருவர் வெளியில் இருந்து சேர்க்கப்படும் வழக்கறிஞர்.

சம்பந்தப்பட்ட வக்கீலுக்கும், மாநில அட்வகேட் ஜெனரலுக்கும் நோட்டீஸ் போகும். சாட்சிகளை வரவழைக்க, ஆவணங்களைக் கேட்க, ஒரு சிவில் நீதிமன்றத்துக்கு இருக்கும் அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு.

முடிவு நான்கில் ஒன்றாக இருக்கும்:

• புகார் தள்ளுபடி
• கண்டிப்பு
• குறிப்பிட்ட காலத்துக்கு சஸ்பெண்ட்
• பட்டியலில் இருந்து பெயர் நீக்கம்

இதில் ஒன்றைக் கவனிங்க. நஷ்டஈடு, நிலம் மீட்பு, கடன் வசூல் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. அதற்குத் தனியாக சிவில் வழக்குதான் வழி. பார் கவுன்சில் விசாரணை அந்த ஆள் வக்கீலாக இருக்கலாமா என்ற ஒரே கேள்விக்கானது.

இழுத்தடிச்சா?

புகார் வந்து ஒரு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். முடிக்காவிட்டால் விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். மாநில பார் கவுன்சில்கள் இந்தக் காலக்கெடுவைப் பின்பற்ற வேண்டும் என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது.

முடிவு பிடிக்கவில்லை என்றால் 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலில் மேல்முறையீடு. அதிலும் திருப்தி இல்லை என்றால் அடுத்த 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றம். இந்த உரிமை வக்கீலுக்கும் உண்டு, புகார் கொடுத்தவருக்கும் உண்டு.

சமாதானம் பேசிட்டா கேஸ் முடிஞ்சுதா?

கிராமத்தில் இது அடிக்கடி வரும் கேள்வி. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, "வாபஸ் வாங்கிடுப்பா" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் புகார்தாரர் வாபஸ் வாங்கினார், சமரசம் ஆகிவிட்டது என்ற காரணத்துக்காக மட்டும் ஒழுங்கு விசாரணையை முடித்துவிடக் கூடாது என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது. இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் கணக்கைத் தீர்க்கும் விசாரணை இல்லை இது. அதனால்தான் இந்த விதி.

புகார் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டியது

எதிர்த்தரப்பு வக்கீல் நமக்கு எதிராக வாதாடினார், நமக்குப் பிடிக்காத நோட்டீஸ் அனுப்பினார் என்பதற்காகப் புகார் கொடுக்க முடியாது. அது அவர் வேலை. தொழில் சார்ந்த ஒழுங்கீனம் என்று புகார் சொல்ல, பொதுவாகப் புகார்தாரருக்கும் அந்த வக்கீலுக்கும் இடையே சட்ட ரீதியான உறவு இருக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில், மகாராஷ்டிராவில் இருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடிப்படை இல்லாத புகாரை ஏற்றதற்காக பார் கவுன்சிலுக்கே அபராதமும் விதித்தது.

நீங்க கட்சிக்காரராக இல்லாமல், ஊர்க்காரராக, பக்கத்து வீட்டுக்காரராகப் புகார் கொடுக்கிறீங்கன்னா, நடந்தது சாதாரணச் சண்டை இல்லை, இவரை நம்பி யாரும் வழக்கு கொடுக்க முடியாத அளவுக்கான செயல் என்று காட்ட வேண்டியிருக்கும். குற்றவியல் நீதிமன்றத் தீர்ப்பு இருந்தால் அது பெரிய பலம். ஒருவரின் பிழைப்பையே பறிக்கும் விசாரணை என்பதால், ஆதாரம் உறுதியாக இருக்கணும் என்று எதிர்பார்ப்பார்கள்.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று சிலர் கேட்கலாம். வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

வக்கீல் மேல் புகார் கொடுக்க வக்கீல் கிடைக்கலையா?

சின்ன ஊரில் இது உண்மையான பிரச்சினை. ஒரே கோர்ட்டில் தினம் பார்த்துக்கொள்பவர்கள், ஒருவர் மேல் இன்னொருவர் மனு எழுதித் தரத் தயங்கலாம்.

பார் கவுன்சில் புகாரை நீங்களே எழுதலாம், வக்கீல் வைத்துத்தான் கொடுக்கணும் என்ற கட்டாயம் இல்லை. ஆலோசனை வேண்டும் என்றால் வட்ட சட்டப்பணிகள் குழுவையோ, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ அணுகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987-ம் ஆண்டு சட்டத்திலேயே இருக்கிறது. உதவி எண் 15100.

கடைசியா ஒரு விஷயம்

"அவரு வக்கீலு, அவரை ஒண்ணும் பண்ண முடியாது" என்பது தப்பு. சொல்லப்போனால் வக்கீலுக்கு ஒரு ஆபத்து கூடுதல். ஒரே செயலுக்கு நம்மைப் போல கோர்ட்டிலும் பதில் சொல்லணும், பார் கவுன்சிலிலும் பதில் சொல்லணும்.

அதே நேரம், "வக்கீல்தானே, சின்ன விஷயத்துக்கும் லைசென்ஸைப் பிடுங்கணும்" என்பதும் தப்பு. நாளைக்கு அரசுக்குப் பிடிக்காத ஒரு வழக்கை எடுக்க, போலீசை எதிர்த்து ஒரு ஏழைக்காக நிற்க, பயமில்லாத வக்கீல் வேணும். சன்னது இழந்த வ.உ.சி.யின் கதை நமக்கு ஞாபகம் இருக்க வேண்டியது அதற்காகத்தான்.

எனவே புகார் எழுத உட்காரும்போது மனுவின் முதல் பத்தியிலேயே ஒரு கேள்விக்குப் பதில் இருக்கட்டும்: இவர் செய்த இந்தச் செயலைப் பார்த்த பிறகு, வேறொருவர் இவரை நம்பித் தன் வழக்குக் கட்டைக் கொடுக்க முடியுமா? "முடியாது" என்று ஆதாரத்தோடு காட்ட முடிந்தால் பார் கவுன்சிலுக்கு அனுப்புங்க. காட்ட முடியவில்லை என்றால், போலீஸ் நிலையமும் சிவில் கோர்ட்டும்தான் சரியான இடம்.